சம்பங்கி நடுகிறவர்கள் கிழங்கில் கோட்டை விடும் இடம்

ஆனி, ஆடி வந்தால் குமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் யாராவது ஒருவர் சம்பங்கிக் கிழங்குப் பையோடு வந்து நிற்பார். தோவாளைச் சந்தையில் குவிந்து கிடக்கிற பூ நம் முற்றத்தில் நாலு தண்டாவது பூக்காதா என்கிற ஆசைதான். தண்ணீர் விடு, களை பிடுங்கு என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்டதை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய கிழங்கு மோகம்

ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். குலை வெட்டிய வாழை மாதிரிதான், தாய் முடிந்தது, அடுத்த குலை பக்கக் கன்றில். தண்டு விட்ட தாய்க்கிழங்கைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வளர்கிற பக்கக்கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருத்துத் தண்டு விடுவதால்தான் ஒரே தூர் திரும்பத் திரும்பப் பூக்கிறது. ஆனால் தூரைக் கிளறினால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கிழடுதான், கை தானாக அதை எடுத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு மைனி அப்படித்தான் செய்தார். "பெரிசை எல்லாம் பாத்தியில நட்டாச்சு, பொடிசைத் தென்னமூட்டுல தட்டிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். "மைனி, இனி முளைக்கப்போறது தென்னமூட்டுலதான்" என்றேன், கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். பாத்தியில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது, தென்னைமூட்டில் கொத்துக் கொத்தாக முளைத்துக் கிடந்தது. மண் சரியில்லை என்று அதற்கப்புறமும் ஒரு வண்டி மண் அடித்தார்!

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பாடு இன்னும் மோசம். எடை போட்டு விற்கும்போது இந்தக் கிழடுகள்தான் தராசை இறக்கும். தெரிந்தே அள்ளிப் போடுகிற வியாபாரியும் உண்டு, எனக்கு எரிச்சல் அங்கேதான். வாங்கும்போது நடுவில் பாருங்கள். பழைய பூத்தண்டின் காய்ந்த கட்டை நீட்டிக்கொண்டிருந்தால், அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கினால், அது பூத்து முடிந்தது. நல்ல கிழங்கு கெட்டியாக, நுனி கூர்மையாக, 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். தோண்டிய அன்றே நடவும் கூடாது, நிழலில் ஒரு மாதம் போல உலர்த்தி வைத்து நட்டால் ஒழுங்காக முளைக்கும். பொடிசுகளைத் தூக்கி எறியாமல் ஓர் ஓரத்தில் தனியாக நட்டு வையுங்கள், பருத்தபிறகு பூக்கப்போவது அதுகள்தான்.

ஆழம்

2.5 செ.மீ. போதும்.

தென்னை நிழலில் நடுவது

இலை வரும். பூ வராது.

தோவாளையில் செய்கிறார்களே என்று இங்கேயும் செய்வது

அங்கே வெயிலும் ஆரல்வாய்மொழிக் காற்றும் மண்ணைச் சீக்கிரம் காய வைத்துவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் அப்படியா? தென்மேற்குப் பருவமழையே வெளுத்து வாங்கும், ஐப்பசியில் அடுத்த மழை வந்து நிற்கும். சமமண்ணில் நட்டால் கிழங்கு தண்ணீரில் ஊறும், மண்ணை உயர்த்தி மேட்டுப்பார் போட்டே ஆகவேண்டும். இலை அடியில் சோர்ந்து விழுந்தால் மண்ணை விலக்கிப் பாருங்கள்: வெள்ளை நூலும், கடுகளவில் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் பூஞ்சை அழுகல். அந்தத் தூரைச் சுற்றி இருக்கும் மண்ணோடு அள்ளி வெளியேற்றுங்கள், உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அடுக்குப்பூ ஆசை

ஜாடியில் வைக்க அழகு, சரி. மாலை கட்டவும் வாசத்துக்கும் ஒற்றை ரகம்தான். மெக்சிகன் சிங்கிள் இருக்கிறது, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் இருக்கிறது. பிரஜ்வல் மொட்டில் லேசாக ரோஸ் ஓடும், அதைப் பார்த்து வேறு ரகம் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கத்தரி, வெண்டை பிடுங்கிய இடம்

வேண்டாம். அவற்றின் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு மண்ணிலேயே இருக்கும், சம்பங்கி வேரையும் விடாது. வேறு இடமே இல்லையென்றால் ஸ்ரிங்கார் ரகம் வாங்கி நடுங்கள், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.