கடையில ரெண்டு பேர் வேலை செஞ்சாலும் டபிள்யூசி பாலிசி (வேலைல அடிபட்டா ஆளுக்கு நஷ்டஈடு குடுக்கற இன்சூரன்ஸ்) போட்டு வைங்க

தர்மபுரில ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். போன ஆடில 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் எடுக்க ஏணில ஏறுன பையன் பக்கெட்டோட சாஞ்சு விழுந்துட்டான், மணிக்கட்டு உடைஞ்சு போச்சு, அவங்கம்மா பென்னாகரத்துல இருந்து பஸ் புடிச்சு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சுல பேசாம உக்காந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. கடைக்கு ஃபயர் இன்சூரன்ஸ் இருந்துச்சு, அது சரக்குக்குத்தான் பையனுக்கு இல்லன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

10 பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு இருந்தா இஎஸ்ஐ (தொழிலாளருக்கான அரசு காப்பீடு), 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு நாம 3.25 சதவீதம் அவங்க 0.75 கட்டணும். அதுக்கு கம்மியா ஆள் வச்சிருக்கறவங்க டபிள்யூசி போட்டுக்கணும்.

ஏஜென்ட் எத்தனை பேரு, என்ன வேலை, வருச சம்பளம் எவ்ளோன்னு கேப்பாரு. இங்கதான் நம்ம ஆளுங்க தப்பு பண்றாங்க, பிரீமியம் குறையும்னு சம்பளத்த பாதியா எழுதிடறாங்க. 25 வயசு பையன், 12,000 சம்பளம், உயிர் போயிடுச்சுன்னா (அப்படி ஆகவே கூடாது) சம்பளத்துல பாதி 6,000, அத சட்டத்துல அந்த வயசுக்குன்னு இருக்கற 216.91ங்கற எண்ணால பெருக்கணும், 13,01,460 ரூபா வருது. நீங்க சம்பளம் 6,000னு எழுதியிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அதுக்கு தக்கத்தான் குடுக்கும், மீதி உங்க தலைல. அதனால உள்ளத உள்ளபடி எழுதுங்க, சம்பளத்த பேங்க்லயே போட்டுடுங்க, அதான் அத்தாட்சி. மெடிக்கல் செலவு தனியா சேக்கணும், கேட்டு வாங்குங்க. லோடு எறக்க வர்றவங்களயும் சொல்லி சேத்துடுங்க.

அடிபட்டா அன்னிக்கே கம்பெனிக்கு போன் பண்ணுங்க, ஆஸ்பத்திரில "கடைல வேலை செய்யும்போது விழுந்தது"ன்னு சொல்லி ஏஆர் காப்பி (விபத்து பதிவேட்டு நகல்) வாங்கி வைங்க, பில் ஒன்னு விடாம எடுத்து வைங்க.

இன்னொன்னு, உயிரிழப்பு ஆச்சுன்னா ஊர்ல பெரியவங்க முன்னாடி பணம் குடுத்து பத்திரத்துல எழுதி வாங்குறது செல்லாதுங்க. பணத்த லேபர் ஆபீஸ்ல நஷ்டஈட்டுக்குன்னு இருக்கற அதிகாரிகிட்ட கட்டணும், அவர்தான் குடும்பத்துக்கு பிரிச்சு குடுப்பாரு. ஒரு மாசத்துக்கு மேல இழுத்தா வட்டி, சரியான காரணம் இல்லன்னா அபராதம் வேற, அந்த அபராதத்த கம்பெனி கட்டாது, நாமதான் கட்டணும்.

தீபாவளிக்கு புதுசா ஆள் சேத்தா அன்னிக்கே ஏஜென்ட்கிட்ட சொல்லிடுங்க. ரெனிவல் தேதிய கல்லாப்பெட்டி மேல தொங்குற காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வைங்க.