டைம்லைனைக் கண்ணுக்கு வசதியாக வைத்துக்கொள்வது எப்படி: ஸ்லைடுஷோ செய்யத் தொடங்குபவர்களுக்கு

படங்களைச் சேர்த்தாயிற்று, பாட்டையும் போட்டாயிற்று. கீழே டைம்லைனை, அதாவது படங்களும் பாட்டும் நேர வரிசையில் அடுக்கியிருக்கும் பட்டையை, பார்த்தால் முதல் மூன்று படங்கள் மட்டும் அகலமாகக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. மீதி எங்கே போயின என்றே தெரியவில்லை. சில சமயம் நேர்மாறாக நடக்கும். நாற்பது படமும் தீக்குச்சி அடுக்கியதுபோல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எது எந்தப் படம் என்று புரியாது. ஸ்லைடுஷோ செய்ய உட்காருகிற பலரும் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்ளும் இடம் இது. கோளாறு ஒன்றுமில்லை. டைம்லைனை எவ்வளவு கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஓப்பன்ஷாட் என்ற மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கிறது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உங்களிடம் இருப்பது வேறு மென்பொருளா? பரவாயில்லை, பொத்தான்கள் இருக்கும் இடம் மாறுமே தவிர விஷயம் ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

டைம்லைனில் ஒரு படம் அகலமாகத் தெரிந்தால் அது நிறைய நேரம் ஓடும் என்று நினைத்துவிடுகிறோம். பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஜூம் செய்யும்போது எல்லாப் படங்களும் சேர்ந்தே அகலமாகின்றன, சேர்ந்தே ஒடுங்குகின்றன. ஓடும் நேரம் ஒரு நொடிகூட மாறுவதில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் கூடிவிடுமா என்ன?

சந்தேகமாக இருந்தால் டைம்லைனின் மேல் விளிம்பில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். மணி, நிமிடம், நொடி என்று எண்கள் இருக்கும். ஒரு படம் 10-வது நொடியில் தொடங்கி 16-வது நொடியில் முடிந்தால் அதன் நீளம் 6 நொடி. ஜூம் எவ்வளவு செய்தாலும் அந்த இரண்டு எண்களும் நகராது. இதை ஒரு தடவை நீங்களே செய்து பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சில மென்பொருள்களில் ஸ்டோரிபோர்டு என்று இன்னொரு காட்சியும் உண்டு. பழைய விண்டோஸ் மூவி மேக்கரில் இரண்டுக்கும் மாறி மாறிப் போகலாம். ஸ்டோரிபோர்டில் எல்லாப் படமும் ஒரே அளவுக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 2 நொடிப் படமும் 20 நொடிப் படமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். படங்களை முன்பின் மாற்றி அடுக்க அது வசதி. எது எவ்வளவு நேரம் ஓடும், பாட்டு எங்கே முடியும் என்பதெல்லாம் டைம்லைனில்தான் தெரியும். ஓப்பன்ஷாட்டில் இருப்பது டைம்லைன் மட்டும்.

படி 1: டைம்லைனுக்கு இடம் ஒதுக்குங்கள்

பிரிவியூ பெட்டிக்கும் டைம்லைனுக்கும் நடுவே ஒரு மெல்லிய எல்லைக்கோடு இருக்கிறது. மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் அம்புக்குறியின் வடிவம் மாறும். அப்படியே பிடித்து மேலே இழுங்கள். டிராக்குகள் (படங்களையும் பாட்டையும் வைக்கும் கிடைமட்ட வரிசைகள்) இன்னும் இரண்டு தெரியும் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும்.

ஏதோ ஒரு பெட்டியைத் தெரியாமல் மூடிவிட்டீர்கள், திரும்பக் கொண்டுவரத் தெரியவில்லை என்றால் வியூ மெனுவில் வியூஸ் என்பதற்குள் சிம்பிள் வியூவைச் சொடுக்குங்கள். எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். தொடங்கிய புதிதில் நான் இதை அடிக்கடி சொடுக்கியிருக்கிறேன்.

படி 2: முழுவதையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவாருங்கள்

டைம்லைனுக்கு மேலே, கருவிப்பட்டையின் வலப்பக்கத்தில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அவைதான் உங்கள் படங்கள். உங்கள் ஸ்லைடுஷோ முழுவதையும் சுருக்கி அங்கே வைத்திருக்கிறார்கள். அதுதான் ஜூம் ஸ்லைடர்.

அந்தப் பட்டையில் இரட்டைச் சொடுக்கு சொடுக்குங்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை அத்தனையும் திரையின் அகலத்துக்குள் வந்து அடங்கும். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் நான் முதலில் செய்வது இதைத்தான். பாட்டு முடிந்த பிறகும் படங்கள் ஓடுகின்றனவா, நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறதா, எல்லாம் இந்தப் பார்வையில் சட்டென்று தெரிந்துவிடும்.

படி 3: வெட்டவும் ஒட்டவும் கிட்டே போங்கள்

அதே ஜூம் ஸ்லைடரின் இரண்டு ஓரத்திலும் கைப்பிடிகள் உண்டு. இரண்டையும் உள்நோக்கி இழுத்தால் டைம்லைன் விரியும். வெளியே இழுத்தால் சுருங்கும். நடுப்பகுதியைப் பிடித்து இடவலமாக நகர்த்தினால் ஸ்லைடுஷோவின் வேறு பகுதிக்குப் போகலாம். மவுஸ் சக்கரம் பழக்கமானவர்களுக்கு இன்னும் எளிது: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் போதும்.

கிட்டே போக வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஸ்லைடுஷோ 4 நிமிடம், அதாவது 240 நொடி. டைம்லைன் உங்கள் திரையில் 1200 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒரே பார்வையில் வைத்திருக்கும்போது ஒரு பிக்சல் என்பது 0.2 நொடி. வீடியோவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம்; நொடிக்கு 30 பிரேம் என்றால் இது 6 பிரேம். கை ஒரு பிக்சல் நடுங்கினாலே படத்தின் விளிம்பு 6 பிரேம் தள்ளிப் போய்விடும். அதே இடத்தில் 10 நொடி மட்டும் தெரியும்படி ஜூம் செய்துவிட்டால் ஒரு பிரேமுக்கு 4 பிக்சல் கிடைக்கும். கை நடுங்கினாலும் கவலையில்லை.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை ஒரு ஸ்லைடுஷோவை முடித்துப் பெரிய திரையில் ஓடவிட்டபோது, ஓரிடத்தில் கண் சிமிட்டியதுபோலக் கறுப்பாக வந்து போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மின்சாரக் கோளாறு என்று நினைத்தார்கள். திரும்ப வந்து டைம்லைனை முழுப் பார்வையில் மேய்ந்து மேய்ந்து பார்க்கிறேன், எல்லாப் படமும் ஒட்டித்தான் இருக்கின்றன. கடைசியில் அந்த இடத்துக்குப் போய் நன்றாக ஜூம் செய்தபோதுதான் தெரிந்தது, இரண்டு படங்களுக்கு நடுவே 4 பிரேம் இடைவெளி. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: ஒரு பிக்சலே 6 பிரேம் என்றால் 4 பிரேம் எப்படிக் கண்ணில் படும்?

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே டிராக்கில் ஒரு படம் பக்கத்துப் படத்தின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தால், ஓப்பன்ஷாட் அந்த இடத்தில் தானாகவே ஒரு டிரான்சிஷனை, அதாவது ஒரு படம் மெல்ல அடுத்த படமாக மாறும் விளைவை, போட்டுவிடும். வேண்டுமென்று செய்தால் அருமையான வசதி. தெரியாமல் இரண்டு மூன்று பிரேம் ஏறிவிட்டால், படம் மாறும்போது ஒரு வெட்டு வெட்டியதுபோல இருக்கும், காரணம் பிடிபடாது. ஒட்டில் உறுத்தல் தெரிந்தால் முதலில் ஜூம் செய்து பாருங்கள்.

படி 4: காந்தமும் டிராக்குகளும்

கருவிப்பட்டையில் காந்தம் போல ஒரு சின்னம் இருக்கும். அது இயங்கினால், இழுத்துவரும் படம் பக்கத்துப் படத்தின் விளிம்பில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். படங்களை வரிசையாக அடுக்கும்போது அதை அணைக்கவே வேண்டாம். ரொம்பச் சுருக்கிய பார்வையில் மட்டும் எச்சரிக்கை: விளிம்புகள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால், நீங்கள் ஓரிடம் நினைக்க, படம் வேறிடத்தில் போய் ஒட்டும். காந்தத்தைக் குறை சொல்வதற்கு முன் ஜூமைக் கூட்டிப் பாருங்கள்.

புதிய திட்டம் தொடங்கினால் 5 டிராக்குகள் வரும். மேலே இருக்கும் டிராக் கீழே இருப்பதை மறைக்கும். படங்கள் ஒரு டிராக், எழுத்துகள் அதற்கு மேலே ஒரு டிராக், பாட்டு அடியில் ஒரு டிராக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேவைப்படாத டிராக்கை வலச்சொடுக்கி நீக்கிவிட்டால் டைம்லைன் பளிச்சென்று ஆகும். பாட்டு டிராக்கைப் பூட்டிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் படத்தை நகர்த்தப் போய்ப் பாட்டையும் சேர்த்து நகர்த்திவிடுவோம்.

படி 5: படங்களைப் பாட்டுக்குள் அடக்குவது

ஓப்பன்ஷாட்டில் ஒரு படத்தை டைம்லைனில் போட்டால் அது 10 நொடி நீளத்துக்கு உட்காரும். 40 படம் போட்டால் 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி. உங்கள் பாட்டோ 4 நிமிடம். படத்துக்கு 6 நொடி என்று வைத்தால் 240 நொடி, கச்சிதமாக முடியும்.

ஆனால் நடுவில் டிரான்சிஷன் வைத்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு டிரான்சிஷனும் 1 நொடி என்றால், அந்த ஒரு நொடியில் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். 40 படங்களுக்கு நடுவே 39 ஒட்டுகள். ஆக மொத்தத்தில் 39 நொடி குறைந்துவிடும். படத்துக்கு 7 நொடி வைத்தால் 280-இல் 39 போக 241 நொடி வருகிறது. கடைசிப் படத்தில் ஒரு நொடியைக் குறைத்துவிட்டால் சரி.

இந்த 7 நொடியை எங்கே மாற்றுவது? எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸைத் திறந்தால் பொது அமைப்புகளில் படத்தின் நீளத்தை நொடிக்கணக்கில் எழுதும் இடம் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த எண் இனிமேல் டைம்லைனில் போடும் படங்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே போட்டவை அப்படியே இருக்கும். ஆகவே எண்ணை மாற்றிவிட்டு அப்புறம் படங்களைப் போடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? தயங்காமல் எல்லாவற்றையும் டைம்லைனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். நாற்பது விளிம்புகளை ஒவ்வொன்றாக இழுப்பதைவிட அது சுலபம்.

ஓரிரு படம் மட்டும் கூடுதலாக நிற்க வேண்டும் என்றால் விளிம்பைப் பிடித்து இழுத்தாலே போதும். வீடியோ என்றால் இருக்கிற நீளத்துக்கு மேல் இழுக்க முடியாது. அசையாத படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம்.

படி 6: பாட்டின் தாளத்தைக் கண்ணால் பார்ப்பது

இது கட்டாயமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. பாட்டுக் கிளிப்பை வலச்சொடுக்கி, டிஸ்ப்ளே என்பதில் அலைவடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேடும் பள்ளமுமாக ஒலி தெரியும். தாளம் விழும் இடங்கள் கூர்மையாக எழுந்து நிற்கும். சுமார் 10 நொடி மட்டும் தெரியும்படி ஜூம் செய்தால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டு என்றால் அடிக்கு அரை நொடி. நாலு அடிக்கு 2 நொடி. அப்படியானால் படத்தை 6 அல்லது 8 நொடியில் மாற்றினால் தாளத்தோடு சேரும். 7 நொடியில் மாற்றினால் ஏதோ ஒட்டாததுபோல இருக்கும். (படி 5-இல் 7 நொடி வைத்தாலும், 1 நொடி டிரான்சிஷன் போக 6 நொடிக்கு ஒருமுறைதான் படம் மாறும்.) டிரான்சிஷன் இல்லாமல் நேரடியாகப் படம் மாறும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும்.

பாட்டை ஓடவிட்டு, படம் மாற வேண்டிய இடத்தில் நிறுத்தி, கருவிப்பட்டையில் மார்க்கர் பொத்தானைச் சொடுக்குங்கள். அளவுகோலில் ஒரு குறி விழும். காந்தம் இயங்கினால் படத்தின் விளிம்பு அந்தக் குறியிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டுக்கு ஏழெட்டுக் குறி போட்டால் போதும். எல்லாத் தாளத்துக்கும் படம் மாற்றினால் பார்ப்பவர்களுக்குக் கண் வலிக்கும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

முழுவதையும் ஒரே பார்வைக்குக் கொண்டுவர ஐமூவியிலும் டாவின்சி ரிசால்விலும் ஷிஃப்ட்டோடு இசட். அடோபி பிரீமியர் புரோவில் பேக்ஸ்லாஷ் விசை. கேடென்லைவில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஜூம் ஆகும். தொடக்கத்தில் படத்துக்குக் கொடுக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும்: ஐமூவி 4 நொடி, கேடென்லைவ் 5 நொடி. ஆகவே படி 5-இல் போட்ட கணக்கை உங்கள் எண்ணை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதி செய்வதற்கு முன்

நன்றாக ஜூம் செய்துகொண்டு, கருவிப்பட்டையில் அடுத்த மார்க்கருக்குப் போகும் பொத்தானைத் தட்டிக்கொண்டே போங்கள். அது மார்க்கரில் மட்டும் நிற்காது. படங்கள் தொடங்கும், முடியும் இடங்களிலும் நிற்கும். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு நொடி கண்ணை ஓட்டுங்கள். பிளேஹெட் (இப்போது ஓடும் இடத்தைக் காட்டும் செங்குத்துக் கோடு) எங்கேயோ போய்த் திரையில் காணவில்லை என்றால், டைம்லைனை அதன்மேல் நடுவாக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. கறுப்பு இடைவெளி ஏதும் கண்ணில் பட்டால் படத்தின் விளிம்பை அடுத்த படம்வரை இழுத்து மூடிவிடுங்கள். 39 ஒட்டுகளையும் பார்க்கச் சில நிமிடம் பிடிக்கும். அதை முடித்துவிட்டு ஏற்றுமதியை, அதாவது ஸ்லைடுஷோவை வீடியோ கோப்பாகச் சேமிப்பதை, தொடங்கலாம்.