பீரோவைத் திறந்து வையுங்கள்: பள்ளி நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊர்ப் பள்ளியை எடுத்துக்கொண்டாலும் கொஞ்சமாவது புத்தகம் இருக்கும். அது பிள்ளைகள் கைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல். நல்ல மனதுள்ள ஆசிரியர்கள்கூடத் தெரியாமல் செய்கிற சில தவறுகள் இதற்குக் காரணம்.

முதல் தவறு, பூட்டி வைப்பது. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் கேள்வி தலைமையாசிரியரிடம்தான் வரும். அந்தப் பயத்தில் சாவி மேசை டிராயருக்குள் போய்விடுகிறது. ஆனால் நம் கடற்கரையில் பூட்டிய பீரோ புத்தகத்தைக் காப்பாற்றுவதில்லை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து, அந்தக் கறை அட்டையில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளேயே தங்கி, வழவழப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற புத்தகத்துக்குக் காற்று கிடைக்கிறது, பூச்சி இருந்தாலும் உடனே கண்ணில் படுகிறது.

ஈரமான புத்தகத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் பழுத்து நொறுங்கும். விசிறி ஓடும் அறையில், நிழலில், பக்கங்கள் விரிந்தபடி நிறுத்தி வைத்தால் போதும். காய்ந்ததும் பூஞ்சையை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் அறைக்கு வெளியே தட்டிவிடலாம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், பிள்ளைகள் முகர்ந்து பார்க்கிற பொருள் அது. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம்.

இரண்டாவது, "இங்கேயே படி, வீட்டுக்குத் தர மாட்டோம்" என்பது. ராமேசுவரத்தில் வளர்ந்த அப்துல் கலாம், தன் சிறுவயதில் அந்த ஊரில் புத்தகமே அரிதாக இருந்ததையும், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் தன் வீட்டு நூலகத்திலிருந்து படிக்கக் கொடுத்ததையும் சுயசரிதையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கேட்ட பிள்ளையை நம்பி ஒருவர் கொடுத்தார். நம் பள்ளியும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், வகுப்பு, புத்தகம், தேதி என்று நான்கு கட்டம் போட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள். பக்கம் கிழிந்து வந்தால் திட்ட வேண்டாம், ஒட்டச் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை அபராதம் கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளை மறுபடி நூலகப் பக்கம் வராது.

படித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வது இன்னொரு தவறு. கதை வீட்டுப்பாடமாகிவிடும். தேர்வு நெருங்கியதும் நூலகப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதும் அப்படித்தான். மதிய உணவு இடைவேளையில் திறந்து வையுங்கள். மாலையில் தம்பி, தங்கையைப் பார்க்க வீட்டுக்கு ஓட வேண்டிய பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, "கடற்கரைப் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு புத்தகம், பாஸானால் போதும்" என்ற பேச்சு. வாடைக்காற்று எது, கச்சான் காற்று எது என்று முகத்தில் பட்டதுமே சொல்கிற பிள்ளைகள் இவர்கள். கடலடி மணலில் ஊரும் உயிரினமான கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் வழக்கு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2001 முதல் தடை ஏன் என்று கேட்டால் வீட்டில் பதில் இருக்காது. அது மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கும் கழிவைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது என்று ஒரு புத்தகத்தில் படத்தோடு பார்க்கிற பிள்ளைக்குத் தன் கடலே வேறு மாதிரி தெரியும். எதிரே 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல். மண்டபத்தில், 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம். அங்கே வேலைக்குப் போகிறவர் ஏன் நம் தெருப் பிள்ளையாக இருக்கக் கூடாது? கைடுகளும் நீதிக்கதைகளும் மட்டும் அடுக்கிய நூலகம் இந்தக் கேள்வியை எழுப்பாது. பவளப்பாறை, ஆமை, புயல், படகு எஞ்சின் பற்றியும் வாங்குங்கள். அரசு அனுப்புகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைக் கட்டுப் பிரிக்காமல் மூலையில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்டுத் தேர்வு வந்ததும் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி எண்ணிப் பூட்டுவது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வீட்டில் இருக்கிற மாதங்கள் அவை. கணக்கெடுப்பை மார்ச்சிலேயே முடித்துக்கொண்டு, பள்ளி மூடும் நாளில் ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்தனுப்புங்கள். ஒன்று பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கட்டும். மற்றொன்றை வீட்டில் இருக்கிற பெரியவர்களையும் மனதில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.