ஆபீஸ் சாஃப்ட்வேர சீக்கிரம் கட்டணும்னா ஜாங்கோவோட மல்லுக்கட்டாதீங்க

லாகின், பாஸ்வேர்ட் ரீசெட், யாரு எதப் பாக்கலாம்ங்கிற பர்மிஷன், லிஸ்ட் பேஜ், சர்ச், ஃபில்டர், ஃபார்ம்ல தப்பா அடிச்சா செவப்பு கலர்ல ஒரு மெசேஜ்... எந்தக் கம்பெனிக்கு எந்த சாஃப்ட்வேர் எழுதினாலும் முதல் ரெண்டு மாசம் இதுலயே போயிடும். அரைச்ச மாவையே அரைக்கிற வேல. அந்த ரெண்டு மாசத்த மிச்சம் பண்ணத்தான் ஃப்ரேம்வொர்க், அதாவது இதையெல்லாம் ஏற்கனவே எழுதி ரெடிமேடா வெச்சிருக்கிற ஒரு அடித்தளம். ஆனா பாதி பேரு என்ன பண்றாங்கன்னா, ஃப்ரேம்வொர்க்க இன்ஸ்டால் பண்ணிட்டு அது குடுக்கிற லாகின் பிடிக்கலன்னு சொந்தமா ஒன்னு, அதோட பர்மிஷன் பிடிக்கலன்னு சொந்தமா ஒன்னுன்னு எழுதிக்கிட்டே போய், கடைசில ஃப்ரேம்வொர்க் இல்லாம எழுதியிருந்தா எவ்ளோ நாள் ஆயிருக்குமோ அத விட ஒரு மாசம் கூட எடுத்துப்பாங்க.

நான் இங்க பைத்தான்ல இருக்கிற ஜாங்கோங்கிற ஃப்ரேம்வொர்க்க வெச்சு சொல்றேன். உங்க டீம் முழுக்க ஜாவா ஆளுங்கன்னா அதுல இருக்கிற ஸ்ப்ரிங் பூட் ஃப்ரேம்வொர்க்க எடுத்துக்கோங்க, மொழிய மாத்தி வேகம் வராது. ஜாங்கோ பொறந்ததே அவசரத்துலதான், 2003ல கான்சாஸ்ல லாரன்ஸ்ங்கிற ஊர்ல ஒரு நியூஸ்பேப்பரோட வெப் டீம் எழுத ஆரம்பிச்சது, ரிப்போர்ட்டர் கேட்டா சாயங்காலத்துக்குள்ள பேஜ் ரெடியா இருக்கணும்ங்கிற எடத்துல வளந்துச்சு, 2005ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. அதனாலதான் அதுல டேட்டாவ பாக்க, எடிட் பண்ண அட்மின்னு ஒரு விஷயம் ரெடிமேடா வருது, அதப் பத்தி அப்புறம் நெறைய பேசுவோம்.

உதாரணத்துக்கு ஒரு பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட் சிஸ்டம் எடுத்துக்குவோம். ஊழியர் ஒருத்தர் சாமான் வேணும்னு போடுவாரு, மேனேஜர் அப்ரூவ் பண்ணணும், தொகை ஒரு லிமிட்டுக்கு மேல போனா ஃபைனான்ஸும் ஓகே சொல்லணும்.

முதல்ல வெர்ஷன். எல்டிஎஸ்னு (நீண்ட கால சப்போர்ட்) போட்டிருக்கிறத எடுங்க, அதுக்கு மூணு வருஷம் செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும். 5.2 அப்படி ஒன்னு, 2025 ஏப்ரல்ல வந்துச்சு, 2028 ஏப்ரல் வரைக்கும் ஓடும். டேட்டாபேஸ் முதல் நாள்ல இருந்தே போஸ்ட்கிரெஸ் வெச்சுக்கோங்க, டிஃபால்டா வர்ற எஸ்க்யூலைட்ட வெச்சு டெவலப் பண்ணிட்டு கடைசில மாத்திக்கலாம்னு நெனைக்காதீங்க, ஏன்னு கீழ வரும்.

ப்ராஜெக்ட் ஆரம்பிச்சதும், டேட்டாபேஸ்ல டேபிள உண்டாக்குற மைக்ரேட் கமாண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு வேல பாருங்க: ஜாங்கோ குடுக்கிற அப்ஸ்ட்ராக்ட்யூசர்ங்கிற க்ளாஸ்ல இருந்து உங்களுக்குன்னு ஒரு யூசர் மாடல் (மாடல்னா ஒரு டேபிள் எப்படி இருக்கணும்னு கோட்ல சொல்றது) பண்ணி செட்டிங்ஸ்ல சொல்லிடுங்க. உள்ள ஒன்னுமே எழுத வேணாம், காலியா இருந்தாலும் பரவால்ல. நான் ஒரு ப்ராஜெக்ட்ல இத விட்டுட்டேன், ஆறு மாசம் கழிச்சு யூசர்நேம் வேணாம் எம்ப்ளாயி நம்பர்லதான் லாகின் வேணும்னு சொன்னாங்க, அதுக்குள்ள பாதி டேபிளுக்கு மேல பழைய யூசர் டேபிளப் புடிச்சுத் தொங்கிட்டு இருந்துச்சு. அந்த மைக்ரேஷன கையால சரி பண்ண ஒரு வாரம் ஆச்சு, லீவு நாளும் சேத்து. ஆரம்பத்துலயே பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடியுற வேல.

அடுத்து மாடல். இங்கதான் நேரத்த செலவழிக்கணும், மத்த எடத்துல மிச்சம் புடிக்கிறதே இதுக்காகத்தான். டிபார்ட்மென்ட், வெண்டர், ரிக்வெஸ்ட், ரிக்வெஸ்ட்டுக்குள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு லைன்னு நாலு டேபிள பேப்பர்ல வரைஞ்சு, நெசமாவே அந்த வேலையப் பாக்கிற ஆளுகிட்ட காட்டுங்க. "ஒரு ரிக்வெஸ்ட்ல ரெண்டு வெண்டர் வரலாமா"ன்னு கேட்டுப் பாருங்க, அந்தக் கேள்விக்கு பதில் வர்றதுக்குள்ள உங்க டிசைன் மாறியிருக்கும். பணம்னு வந்தா டெசிமல் ஃபீல்டுதான், ஃப்ளோட் போட்டீங்கன்னா கூட்டுத் தொகைல ஒரு பைசா ரெண்டு பைசா உதைக்கும், அக்கவுண்ட்ஸ் டீம் உங்கள தூங்க விடாது. ஒரு டேபிள இன்னொன்னோட இணைக்கிற ஃபாரின் கீல ஆன் டிலீட் (அந்தப் பக்கம் டிலீட் ஆனா என்ன பண்றது) என்னன்னு கண்டிப்பா கேக்கும், நெட்ல பாத்த கோட்ல எல்லாம் கேஸ்கேட்னு இருக்கும், அத அப்படியே காப்பி பண்ணா யாரோ ஒருத்தர் ஒரு வெண்டர டிலீட் பண்ணதும் அந்த வெண்டரோட அத்தன ரிக்வெஸ்ட்டும் சேந்து காணாமப் போயிடும். ப்ரொடெக்ட் போடுங்க, ரிக்வெஸ்ட் இருக்கிற வெண்டர டிலீட் பண்ண விடாது. ஸ்டேட்டஸுக்கு டெக்ஸ்ட்சாய்சஸ் இருக்கு, டிராஃப்ட், சப்மிட், அப்ரூவ்ட், ரிஜெக்ட்டட்னு நாலு போதும். மாடல்ல மாத்தினத ஃபைலா எழுதுற மேக்மைக்ரேஷன்ஸ் அடிச்சா வர்ற ஃபைல்களையும் கிட்ல (கோடோட ஹிஸ்டரி வெக்கிற எடம்) சேத்துடுங்க, அதுவும் கோடுதான்.

இப்ப அட்மின். மாடல ரெஜிஸ்டர் பண்ணி, லிஸ்ட் டிஸ்ப்ளே, லிஸ்ட் ஃபில்டர், சர்ச் ஃபீல்ட்ஸ்னு மூணு வரி எழுதினா போதும், லிஸ்ட் பேஜ், தேடுறது, எடிட் பண்றது எல்லாம் வந்துடும். லைன் ஐட்டத்துக்கு டேபுலர் இன்லைன் போட்டா ரிக்வெஸ்ட் பேஜுக்குள்ளயே வரிசையா அடிக்கலாம். வெண்டர் ஆயிரக்கணக்குல இருந்தா டிராப்டவுன் லோட் ஆகவே நேரம் எடுக்கும், ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ்ல வெண்டர போடுங்க, ஆனா வெண்டரோட அட்மின்லயும் சர்ச் ஃபீல்ட்ஸ் இருக்கணும், இல்லன்னா எரர் அடிக்கும். இத முதல் வாரத்துலயே ஃபைனான்ஸ் ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க. அழகா இருக்காது, ஆனா நெஜ டேட்டாவ அடிச்சுப் பாத்தாதான் மாடல்ல என்ன விட்டுப்போச்சுன்னு தெரியும்.

ஆனா அட்மின் கம்பெனிக்குள்ள மேனேஜ் பண்ற ஆளுங்களுக்குத்தான், மொத்த சாஃப்ட்வேரையும் அதுக்குள்ள அடைக்காதீங்கன்னு ஜாங்கோவோட டாக்குமென்ட்லயே சொல்லிருக்கு. ரிக்வெஸ்ட் போடுற சாதாரண ஊழியருக்கு தனியா நாலு பேஜ் எழுதுங்க. அட்மின வளைச்சு வளைச்சு டெம்ப்ளேட்டெல்லாம் ஓவர்ரைட் பண்ண ஆரம்பிச்சீங்கன்னா, அதான் நான் மேல சொன்ன மல்லுக்கட்டு.

பர்மிஷனுக்கு ஒவ்வொரு மாடலுக்கும் ஆட், சேஞ்ச், டிலீட், வியூன்னு நாலு தானா வரும். ஆளாளுக்கு டிக் பண்ணாம க்ரூப் பண்ணி க்ரூப்புக்கு குடுங்க. டிலீட்ட யாருக்குமே குடுக்காதீங்க, கேன்சல்னு ஒரு ஸ்டேட்டஸ் சேத்துக்கலாம். ஒன்னு ஞாபகம் இருக்கட்டும், இந்த பர்மிஷன் டேபிள் லெவல்லதான், "என் டிபார்ட்மென்ட் ரிக்வெஸ்ட் மட்டும் எனக்குத் தெரியணும்"ங்கிறத நீங்கதான் எந்த ரெக்கார்டெல்லாம் எடுக்கணும்னு சொல்ற கெட் க்வெரிசெட்ல ஃபில்டர் போட்டுப் பாத்துக்கணும், அட்மின்லயும் சரி உங்க பேஜ்லயும் சரி.

அப்ரூவல்தான் இந்த சிஸ்டத்தோட உயிர், அத எங்க எழுதுறதுன்னு பெரிய குழப்பம் இருக்கும். சிலர் மாடலோட சேவ் மெத்தட்ல எழுதுவாங்க, சிலர் சேவ் ஆகும்போது தானா ஓடுற சிக்னல்ல. ரெண்டும் வேணாம், ஏன்னா பல ரெக்கார்ட ஒரே அடியா மாத்த க்வெரிசெட்ல அப்டேட் கூப்பிட்டா சேவும் ஓடாது சிக்னலும் வராது, உங்க ரூல சத்தமில்லாம தாண்டிப் போயிடும். அப்ரூவ்னு பேரு வெச்சு ஒரு சாதாரண ஃபங்ஷன் எழுதுங்க, பட்டன்ல இருந்து வந்தாலும் வேற சாஃப்ட்வேர் பேசுற ஏபிஐல இருந்து வந்தாலும் அந்த ஒரே வழியாதான் போகணும். ஸ்டேட்டஸ் ஃபீல்ட அட்மின்ல ரீட்ஒன்லி ஆக்கிடுங்க. ஃபங்ஷனுக்குள்ள ட்ரான்ஸாக்ஷன் அட்டாமிக் (நடந்தா மொத்தமும், இல்லன்னா எதுவுமே இல்ல) போட்டு, அந்த ரிக்வெஸ்ட்ட செலக்ட் ஃபார் அப்டேட்ல பூட்டி எடுத்து, இன்னும் சப்மிட் ஸ்டேட்டஸ்லதான் இருக்கான்னு பாத்துட்டு, இந்த ஆளுக்கு இந்தத் தொகைய அப்ரூவ் பண்ண உரிமை இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் மாத்துங்க. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பட்டன அமுக்கினா ரெண்டாவது ஆளுக்கு "ஏற்கனவே முடிஞ்சிருச்சு"ன்னு மெசேஜ் வரும். எஸ்க்யூலைட்ல இந்தப் பூட்டு வேலையே செய்யாது, எரரும் காட்டாது, அதான் முதல்லயே போஸ்ட்கிரெஸ்னு சொன்னேன். மெயில் அனுப்புறத, மாற்றம் டேட்டாபேஸ்ல உறுதியானதும் ஓடுற ஆன் கமிட்ல வைங்க, இல்லன்னா ரோல்பேக் ஆன, அதாவது நடுவுல ரத்தான, அப்ரூவலுக்கும் வாழ்த்து மெயில் போய் நிக்கும்.

ஆடிட்டர் வந்தா யாரு எப்ப மாத்தினாங்கன்னு கேப்பாங்க. அட்மினுக்குள்ள ஹிஸ்டரி இருக்கு, ஆனா அட்மின் வழியா செஞ்சது மட்டும்தான் அதுல ஏறும். ஜாங்கோ சிம்பிள் ஹிஸ்டரின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, மாடல்ல ஒரு வரி சேத்தா மாடல் வழியா சேவ் ஆகுற ஒவ்வொரு வாட்டியும் ஒரு காப்பி எடுத்து வெக்கும்.

டேட்டா ஏற ஏற ஸ்லோ ஆகும், காரணம் முக்காவாசி ஒன்னேதான். 50 ரிக்வெஸ்ட் காட்டுற பேஜ்ல ஒவ்வொன்னுக்கும் டிபார்ட்மென்ட் பேரும் வெண்டர் பேரும் காட்டினா, 1 கூட 50 கூட 50, மொத்தம் 101 க்வெரி டேட்டாபேஸுக்குப் போகும். செலக்ட் ரிலேட்டட்ல ரெண்டையும் சொல்லிட்டா ஒரே க்வெரி. டெஸ்ட்ல எத்தன க்வெரி போகுதுன்னு எண்ணுற அசர்ட் நம் க்வெரிஸ் போட்டு வெச்சா, நாளைக்கு யாராச்சும் அத எடுத்துட்டா டெஸ்ட் உடனே கத்தும். மத்தபடி டெஸ்ட் எல்லாத்துக்கும் எழுத நேரமில்லன்னா அந்த அப்ரூவ் ஃபங்ஷனுக்கு மட்டுமாவது எழுதிடுங்க, லிமிட்டுக்கு கீழ, சரியா லிமிட்ல, லிமிட்டுக்கு மேல, தன் ரிக்வெஸ்ட்ட தானே அப்ரூவ் பண்றது, இந்த நாலும்.

சர்வர்ல ஏத்துறதுக்கு முன்னாடி செக் கமாண்ட டிப்ளாய்னு ஆப்ஷன் குடுத்து ஓட்டுங்க, டீபக் ஆன்ல இருக்கு, செக்யூர் குக்கி இல்லன்னு ஒவ்வொன்னா லிஸ்ட் போட்டுக் குடுக்கும். லாகின் மாதிரி விஷயங்களப் பாதுகாக்க ஜாங்கோ வெச்சிருக்கிற சீக்ரெட் கீ, சர்வர்லயே தனியா செட் பண்ற என்விரான்மென்ட் வேரியபிள்ல இருக்கணும், கிட்ல இருக்கக் கூடாது. ஏற்கனவே கிட்ல ஏத்திட்டீங்கன்னா அழிச்சா மட்டும் பத்தாது, பழைய கமிட்ல அப்படியே கெடக்கும், கீயவே மாத்திடுங்க. மாத்தினதும் எல்லாரோட லாகினும் ஒரு வாட்டி வெளிய போயிடும், அதனால ஆபீஸ் நேரத்துல பண்ணாதீங்க.