இன்சூரன்ஸ் கட்டியும் பணம் வராமல் போவது ஏன்? இராமநாதபுரம் கடலோரத்துக் கார்களில் நடக்கும் தவறுகள்

"இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்பவரின் பாலிசியை வாங்கிப் பார்த்தால் பல நேரம் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவு கட்டாயமாக்குவதும் அதைத்தான். உங்கள் கார் மோதி வெளியாள் இறந்தாலோ காயம்பட்டாலோ தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கம்பெனி கட்டும், அதற்கு உச்சவரம்பு இல்லை. பிறர் பொருளுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் காருக்கு ஒரு பைசாவும் வராது. அதைவிட மோசம், காருக்குள் உட்கார்ந்து வரும் அத்தை, மாமா, நண்பர் யாரும் இந்தப் பாலிசியில் அடங்கமாட்டார்கள். தை அமாவாசைக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போகிறவர்கள், உங்கள் காரின் சேதமும் உள்ளே வருகிறவர்களும் சேர்ந்து அடங்கும் ஃபுல் இன்சூரன்ஸ் போடுவதுதான் நியாயம். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தனிக் கணக்கு. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அது செல்லும்.

2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புதுக் காருக்கு மூன்றாண்டுத் தேர்ட் பார்ட்டி சேர்ந்தே வருகிறது. அதை நம்பி இரண்டாம் ஆண்டு ஓன் டேமேஜை, அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதியை, புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். அது 50 சதவீதம் வரை வளரக்கூடியது. தேர்ட் பார்ட்டியே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். அந்த நேரம் பார்த்து ஓர் ஆளை இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகை அது.

இராமேஸ்வரத்தில் வெள்ளை போர்டு காரில் யாத்ரீகர்களை வாடகைக்கு ஏற்றுவது இன்னொரு தவறு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது, காரின் சேதத்துக்கான க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். வெளியாளுக்குக் கம்பெனி பணம் கொடுக்க நேர்ந்தாலும், அதை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். பழைய கார் வாங்கியவர்கள் 14 நாளுக்குள் பாலிசியையும் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறினால் மட்டும் போதாது.

இந்தக் கடலோரத்துக்கே உரிய பெரிய நஷ்டம் எஞ்சினில்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரிலோ, அலை ஏறிய மணலிலோ காரை விட்டு, வண்டி நின்றுபோனதும் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கிறார்கள். காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. பிஸ்டன் மேலே ஏற முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புயல், வெள்ளச் சேதத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸில் இடம் உண்டு. ஆனால் இப்படி ஸ்டார்ட் செய்து வந்த எஞ்சின் சேதத்தை 'அதன் பின்விளைவு' என்று தள்ளிவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருந்தால் தப்பிக்கலாம், கடலோரத்தில் இருப்பவர்கள் அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவதில் தவறே இல்லை. வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் என்று தெரியும்படி போட்டோ எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். கடல் நீர் பட்டிருந்தால் அன்றைக்கே அடிப்பகுதியையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புக் காற்றால் துருப்பிடித்த பாகத்துக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் நிற்கும் கார்களுக்கு வாரம் ஒருமுறை அடிப்பகுதியைக் கழுவுவது நல்லது. ஹேண்ட்பிரேக் கேபிளையும் பிரேக் பைப்பையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்கக் காரை நிறுத்துகிறார்கள். இருவழிப் பாலம், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமே கிடையாது. பக்கவாட்டுக் காற்றும் திடீரென்று தள்ளும், அங்கே ஓவர்டேக் வேண்டாம். தனுஷ்கோடிச் சாலையில் காற்று வாரிப்போட்ட மணல் மேல் பிரேக் அடித்தால் சக்கரம் பிடிக்காது. அதைத் தூரத்திலேயே கண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாகக் கடக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீமைக்கருவேலம் வளைவை மறைத்து நிற்கும், இருட்டில் ஆடு மாடு குறுக்கே வரும். உங்கள் லைட் வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே சரியான வேகம். மீன் வண்டி சிந்திய தண்ணீரும் வழுக்கும், பைக்கில் வருகிறவருக்கு அது இன்னும் ஆபத்து.

விபத்து நடந்தால் முதலில் 108. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்களை வைத்து அங்கேயே பேசி முடித்து, 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் வழக்கம். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. அந்தக் கையெழுத்தைக் காட்டி உங்கள் க்ளெய்மை மறுக்கலாம். பேசுவதற்கு முன்னால் வண்டிகள் நின்ற நிலையையும் இரண்டு நம்பர் பிளேட்டையும் டயர் தடத்தையும் படம் எடுங்கள். பிறகு காவல் நிலையத்துக்கும் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள்.