கப்பலேறிப் போன கொள்ளுத்தாத்தா: தேடும்போது சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் பெயரைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் முனுசாமிகள் மட்டும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஆளை அடையாளம் காட்டுவது அவருக்குக் கொடுக்கப்பட்ட காலனி எண்தான். பிற்காலத்தில் அவருடைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறப்புச் சான்று என்று பல தாள்களில் அந்த எண் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் கப்பலில் போனவர்களை எண் வாரியாகப் பதிந்த கப்பல் பட்டியலுக்கு நேரே தாவாதீர்கள். வீட்டில் உள்ள கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பாட்டியின் இறப்புச் சான்றில் பெற்றோரின் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எழுத்துக்கூட்டலை நம்புவது அடுத்த தவறு. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே முனுசாமி ஒரு தாளில் 'மூன்சாமி', இன்னொன்றில் 'முன்சாமி'. அங்கே போய்ச் சேர்ந்தபின் கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அங்கே அது தேவைப்பட்டபோது ஒரு மகனுக்கு அப்பா பெயர் நின்றது, அவன் தம்பிக்கே சாதிப் பட்டம் நின்றது. கடைசிப் பெயர் வேறு என்பதற்காக உடன்பிறந்தவரை ஒதுக்கிவிடாதீர்கள். கப்பலேறும்போது இல்லாத பட்டத்தைப் பிறகு சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே பட்டத்தைப் பார்த்துச் சாதியை முடிவுகட்டுவதும் ஆபத்துதான்.

கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் உடனே கேரளத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் அப்படித்தான் குறித்தார்கள். ஜில்லா கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த ஜில்லாவையும் இன்றைய வரைபடத்தில் தேடக் கூடாது. 'வடஆற்காடு' என்றதும் வேலூர், ராணிப்பேட்டை ஊர்களைத் துழாவுகிறோம். ஆனால் 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை சித்தூரும் வடஆற்காட்டில்தான் இருந்தது. ஊர் இப்போது ஆந்திரத்தில் இருக்கலாம். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தால் அதே பெயரில் நாலு பட்டி, ஐந்து பாக்கம் வந்து நிற்கும். தாலுகாவை உறுதிசெய்துவிட்டு ஊருக்கு வாருங்கள். குலதெய்வத்தின் பெயர் குடும்பத்தில் நினைவிருந்தால் எழுதி வையுங்கள். பல நேரம் அதுதான் சரியான ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. பட்டாவில் தேடிப் பெயர் இல்லையென்றால் ஏமாந்துபோக வேண்டாம். நிலமில்லாதவர் பெயர் பட்டாவில் எப்படி இருக்கும்?

வயதும் அப்படியே. 20, 25, 30 என்று உருட்டி எழுதிய எண்ணிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டால் சில வருஷம் இப்படியும் அப்படியும் போகும்.

வீட்டுக் கதைகளை ஆண்டோடு உரசிப் பார்ப்பவர்கள் குறைவு. 1866க்கும் 1874க்கும் இடையே நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றுபோயிருந்தது. ஆக "1870இல் போனார்" என்ற கதையில் ஆண்டு தவறு, அல்லது நாடு தவறு. மொரீஷியஸாக இருக்கலாம். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரியாக இருந்தால் கூலிப் பட்டியலில் அவரைத் தேடுவதே வீண். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களுக்கும் இப்படிப்பட்ட பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். அங்கே தோட்டத்துப் பேரேடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் பட்டியலில் ஆள் கிடைத்ததும் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், பிறகு உடம்பில் உள்ள தழும்போ மச்சமோ வரும். அதற்கு மேலும் கீழும் உள்ள எண்களைப் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த எண்களில் நிற்பார்கள். மனைவிக்கும் தனி எண். மனைவியின் வரியில் இருப்பது அவருடைய தகப்பன் பெயர். இரண்டு எண் தள்ளி நிற்கும் பெண்ணை யாரோ என்று விட்டுவிட்டால் கொள்ளுப்பாட்டியைத் தொலைத்துவிடுவீர்கள்.

இணையத்தில் கிடைப்பது தட்டச்சு செய்த படி. எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஆள் மாறிவிடுவார். மூலப் பக்கத்தின் படத்தை டர்பன் ஆவணக் காப்பகத்திடம் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்தபின் வம்ச வரைபடத்தில் பெயரை ஏற்றுங்கள்.