தெருவுக்கு ரோடும் வடிகாலும் போட வீட்டுக்காரங்ககிட்ட காசு பிரிக்கறது எப்படி

மழை பேஞ்சா முழங்கால் தண்ணி, மனு குடுத்தா "நிதி வரட்டும் சார்"னு ஒரே பதில், இந்த நிலைமைல இருக்கற நகர் சங்கத்துக்காரங்களுக்காக எழுதறேன். 2021ல மறுபடி கொண்டு வந்த நமக்கு நாமே திட்டத்துல எஸ்டிமேட் தொகைல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டணும், மீதி அரசு போடும். அந்த ஒரு பங்க தெருக்காரங்ககிட்ட எப்படி பிரிச்சு வாங்கறதுங்கறதுதான் தலைவலியே.

காசப் பத்தி வாயே தொறக்காதீங்க முதல்ல. ரோடு யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க. அப்ரூவ்டு லேஅவுட்டா இருந்தா ரோட்ட தானப் பத்திரம் போட்டு பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ குடுத்திருப்பாங்க, அதோட காப்பி ஒன்னு வாங்கி வச்சிக்கோங்க. பிளாட் போட்டு வித்தவரு பேர்லயே ரோடு இன்னும் இருந்தா அரசு பணத்த அதுல போட மாட்டாங்க, அத சரி பண்ணாம வசூல் ஆரம்பிச்சா பணம் சங்கத்து அக்கவுண்ட்லயே தூங்கும், அப்புறம் ஆளாளுக்கு பேச ஆரம்பிச்சிடுவாங்க.

அடுத்தது, பாதாள சாக்கடையும் குடிதண்ணி லைனும் வரப்போகுதான்னு இன்ஜினியர் ஆபீஸ்ல கேளுங்க. ஆறு மாசத்துல தோண்டப் போற தெருவுக்கு இன்னிக்கு ரோடு போடறது வீண்.

வடிகாலுக்கு ஒரே ஒரு கேள்விதான், தண்ணி கடைசியா எங்க போய் விழும்? அத யாருமே கேக்கறதில்ல. தெரு முழுக்க அழகா காங்கிரீட் கால்வா கட்டி, முனையில போய் சேர ஏரி வாய்க்காலோ பெரிய கால்வாயோ இல்லன்னா அது நீளமான கொசுத் தொட்டி, அவ்ளோதான். இன்ஜினியர்கிட்ட தெருவோட மேடு பள்ளத்த அளந்து லெவல் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, எந்தப் பக்கம் சரிவுன்னு எல்லார் முன்னாடியும் காட்டட்டும். ரோடு உயரமும் அப்படித்தான், பழைய ரோட்ட சுரண்டாம மேலயே போட்டுட்டே போனா வீடெல்லாம் பள்ளத்துல போயிடும், மில்லிங் பண்ணிட்டுதான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே சொல்லியாச்சு, அத எஸ்டிமேட்ல சேத்திருக்காங்களான்னு பாத்துக்கோங்க.

இப்ப பங்கு பிரிக்கறதுக்கு வருவோம், சண்டை நடக்கறது இங்கதான். உதாரணத்துக்கு எஸ்டிமேட் 9 லட்சம், நம்ம பங்கு 3 லட்சம், மனை 30னு வச்சிக்குவோம். மனைக்கு சமமா போட்டா ஆளுக்கு 10,000, கணக்கு ஈஸி, ஆனா தெருப்பக்க முகப்பு 30 அடி இருக்கற வீட்டுக்காரரும் 60 அடி இருக்கற வீட்டுக்காரரும் ஒரே காசான்னு கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான். முகப்பு அடிக்கணக்குல போட்டா, தெருவோட மொத்த முகப்பு 1,200 அடின்னா அடிக்கு 250, முதல் ஆளுக்கு 7,500, ரெண்டாவது ஆளுக்கு 15,000. இதுலயும் பெரிய மனைக்காரர் முறைப்பாரு. பாதி தொகைய மனைக்கு சமமா, பாதிய அடிக்கணக்குல போடறதுதான் என் கணக்குக்கு சரி, அப்ப 30 அடிக்கு 8,750, 60 அடிக்கு 12,500. கார்னர் மனைக்கு ரெண்டு பக்கமும் கணக்கு போடாதீங்க, வாசல் இருக்கற பக்கம் மட்டும் போதும், இல்லன்னா அவரு கோர்ட்டுக்கே போவாரு. அப்பார்ட்மென்ட் இருந்தா மொத்தத்துக்கு ஒரு தொகை சொல்லிட்டு உள்ள பிரிக்கறத அவங்க அசோசியேஷன்கிட்டயே விட்டுடுங்க. வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட கேக்கவே கூடாது, மனை விலை ஏறினா லாபம் ஓனருக்குத்தானே. காலி மனைக்காரங்கதான் கஷ்டம், துபாய்லயோ கோயமுத்தூர்லயோ இருப்பாங்க, போன் எடுக்க மாட்டாங்க, அவங்களுக்கு லெவல் போட்டோவும் எஸ்டிமேட் காப்பியும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு காத்திருங்க. ஒன்னு ஞாபகம் வச்சிக்கோங்க, சங்கம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, வரி போடற அதிகாரம் உள்ளாட்சிக்குத்தான், அதனால நாலஞ்சு பேரு கட்டாமப் போனாலும் சமாளிக்கற மாதிரி முன்னாடியே கொஞ்சம் கூட சேத்துப் பேசி வைங்க.

ஜனங்க குடுக்க மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு ஆலந்தூர சொல்லுங்க. 2011ல சென்னை மாநகராட்சியோட சேர்றதுக்கு முன்னாடி அது தனி நகராட்சி, 90கள் கடைசில ஆர்.எஸ்.பாரதி சேர்மனா இருந்தப்போ பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000, கடை கண்ணிக்கு 10,000 டெபாசிட் வாங்கினாங்க, கனெக்ஷன் வந்தப்புறம் வீட்டுக்கு மாசம் 150 வேற. அந்த காலத்து 5,000ங்க! சுமார் 34 கோடி திட்டத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல மக்கள் டெபாசிட்தான். எவ்வளவு குடுக்க முடியும்னு முன்னாடியே வீடு வீடா சர்வே எடுத்தாங்க, குடியிருப்போர் சங்கங்கள்கிட்ட உக்காந்து பேசினாங்க, தொகைய வெளிப்படையா சொன்னாங்க. நம்ம தெரு அளவுக்கும் அதே வழிதான்.

வசூல்ல ரொக்கம் வேண்டவே வேண்டாம், சங்கம் ரிஜிஸ்டர் ஆகியிருந்தா அதுக்குன்னு தனி அக்கவுண்ட், ரெண்டு பேரு கையெழுத்து, வாரா வாரம் குரூப்ல ஸ்டேட்மென்ட். யாரு கட்டலன்னு லிஸ்ட் போட்டு அசிங்கப்படுத்தாதீங்க, அதோட அந்த ஆளு ஜென்மத்துக்கும் குடுக்க மாட்டாரு, கட்டினவங்க பேர மட்டும் போடுங்க, போதும். சேந்ததும் உள்ளாட்சி ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்குங்க, கான்ட்ராக்டர் கைல நேரா ஒரு பைசா தராதீங்க.

வேலை நடக்கும்போது பகல்ல வீட்ல இருக்கற ரிட்டயர்டு ஆளுங்க ரெண்டு பேர நிக்க வைங்க, எஸ்டிமேட்ல இருக்கற கனம் வருதான்னு டேப் வச்சு அளக்கட்டும், காங்கிரீட்டுக்கு தண்ணி விட்டு க்யூரிங் பண்றாங்களான்னும் பாக்கட்டும். வடிகால் முடிஞ்ச ராத்திரியே செப்டிக் டேங்க் பைப்ப அதுல சொருகறவங்க எல்லா தெருவுலயும் இருப்பாங்க, அத தடுக்க முதல் மீட்டிங்லயே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. கான்ட்ராக்டர் வேலைக்கு ஜாமீனா கட்டி வச்ச டெபாசிட்ட உள்ளாட்சி ஆபீஸ்ல எந்த தேதில திருப்பித் தராங்கன்னு கேட்டு வச்சிக்கிட்டு, அதுக்கு முன்னாடி வர்ற மழைல தண்ணி எங்கெல்லாம் தேங்குதோ போட்டோ எடுத்து லெட்டரோட குடுத்துடுங்க.